எஸ்விடி, மோசின், லீ-என்ஃபீல்ட்: ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் ஸீரோ ஏன் நகர்கிறது?

#1 கோணமானி

டிராகுனோவ் எஸ்விடி என்ற ரஷ்ய ஸ்நைப்பர் துப்பாக்கி பற்றிப் பேச்சு எடுத்தாலே ஒரு புகார் வந்துவிடும்: அதன் பிஎஸ்ஓ-1 ஸ்கோப்பைக் கழற்றி மாட்டினால் குண்டு விழும் இடம் மாறுகிறது, அதாவது குறியையும் குண்டு விழும் இடத்தையும் பொருத்தி வைத்த அமைப்பு (ஸீரோ) கெடுகிறது. "ரஷ்யச் சரக்கு அப்படித்தான், பக்கவாட்டு ரெயிலில் பிகாட்டினி (குறுக்கு வெட்டுகள் கொண்ட பொதுவகை ரெயில்) மவுண்ட் போட்டு நல்ல ஸ்கோப் ஏற்று" என்று உடனே வைத்தியமும் சொல்லிவிடுகிறார்கள்.

கழற்றாமலே விட்டுவிடவும் வழியில்லை. கையேட்டுப்படி பிரிக்கும்போது மேகஸினைக் கழற்றி அறை காலியா என்று பார்த்த கையோடு கழற்றவேண்டியது ஸ்கோப். அப்புறம் கன்னத்தாங்கி, அப்புறம்தான் ரிசீவர் (இயங்கும் பாகங்கள் இருக்கும் உடற்பகுதி) மூடி. ஆக, ஒவ்வொரு சுத்தத்துக்கும் ஸ்கோப் இறங்கி ஏறும். 1963-இல் சேவைக்கு வந்த துப்பாக்கி. வடிவமைத்தவர்களுக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

கேள்விகள்: ஸ்கோப்பை ரெயிலோடு நெரித்துப் பூட்டும் கிளாம்ப் லீவரின் இறுக்கத்தை எப்படிச் சரிசெய்வது? 100 மீட்டர் ஸீரோவின் சரியான முறை என்ன? புது ஸ்கோப் உண்மையில் குணப்படுத்துமா? இதே பிரச்சினையைப் பழைய ரஷ்ய மோசின் ரைஃபிளிலும் பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டிலும் எப்படிச் சமாளித்தார்கள்?

#2 ராஜாளி

முதலில் கிளாம்ப். பாதிக்கு மேல் கோளாறு அங்கேதான்.

ரெயிலின் பின்பக்கத்திலிருந்து ஸ்கோப்பை முன்னோக்கித் தள்ள வேண்டும், முட்டி நிற்கும் வரை. பலர் விடும் தப்பு இங்கேயே ஆரம்பிக்கிறது: முட்டியதும் கையை எடுத்துவிட்டு லீவரைத் திருப்புவார்கள், ஸ்கோப் முடியளவு பின்னால் வந்திருக்கும். ஒரு கையால் முன்னுக்கு அழுத்திக்கொண்டே மறு கையால் லீவரை ஆப்ஜெக்டிவ் (முன் லென்ஸ்) பக்கமாகத் திருப்பவும். லீவரின் வளைந்த நுனி பிராக்கெட்டில் உள்ள வெட்டுக்குள் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் பூட்டவில்லை என்று அர்த்தம், எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் சரி.

இறுக்கம் சரியில்லை என்றால் ஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் தாங்கும் நகரும் துண்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தபடி, பல் வெட்டிய நட்டை ஒரு பல் மட்டும் திருப்பவும். ஸ்பிரிங்கை விட்டால் நட் அந்தப் பல்லில் பூட்டிக்கொள்ளும். மாட்டிப் பார்க்கவும். போதாவிட்டால் இன்னொரு பல். இரண்டு மூன்று பல்லை ஒரே தடவையில் திருப்பினால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துபோகும்.

எவ்வளவு இறுக்கம்? ஒரே விரலால் சொகுசாகத் திரும்பினால் தளர்வு. கட்டைவிரலை நன்றாக ஊன்றித் தள்ளினால் பூட்டவேண்டும். சுத்தியல் பிடியால் தட்டித்தான் மூடுகிறது என்றால் மிகை. அப்படி நாலு வருஷம் ஓடினால் பிராக்கெட்டின் மென்மையான உலோகம் நசுங்கி, பிறகு எந்தப் பல்லில் வைத்தாலும் நிற்காது. ரெயில் எஃகு, ரிசீவரோடு சேர்த்து ஒரே கட்டியில் கடைந்தது. தேய்வது எப்போதும் ஸ்கோப் பக்கம்தான்.

இன்னொன்று: ரெயிலில் எண்ணெய். துரு வரக்கூடாது என்று தடவுகிறார்கள், அப்படியே மாட்டிவிடுகிறார்கள். எண்ணெய்ப் படலம் பத்து இருபது குண்டு சுடும்வரை பிதுங்கிக்கொண்டே இருக்கும். மாட்டும் முன் ரெயிலையும் பிராக்கெட் உள்முகத்தையும் உலர்ந்த துணியால் துடைக்கவும். அலமாரியில் வைக்கும்போது எண்ணெய் போட்டுக்கொள்ளலாம்.

#3 வெண்கலத்திருகு

ராஜாளி சார் சொன்னதற்குக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் "முடியளவு" என்பது உறைக்கும்.

பிராக்கெட் ரெயிலைப் பிடிக்கும் நீளத்தைக் கணக்குக்காக 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் 0.1 மி.மீ. தடிமனுக்கு அழுக்கோ பிசிறோ இருந்தால் கோணம் ஆயிரத்தில் ஒன்று. 100 மீட்டரில் 10 செ.மீ., 600 மீட்டரில் 60 செ.மீ. சாதாரண ஜெராக்ஸ் காகிதத்தின் தடிமன் கிட்டத்தட்ட அதே 0.1 மி.மீ.தான். கண்ணாடி எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் இந்தக் காகிதத்தை மீற முடியாது.

இடையில் ஒரு குறிப்பு. ரஷ்யர்களின் "ஆயிரத்தில் ஒன்று" (மில் எனும் கோண அளவு) வட்டத்தை 6000 ஆகப் பிரித்தது. நேட்டோ மில் 6400. கணித மில்லிரேடியன் கிட்டத்தட்ட 6283. பிஎஸ்ஓ-வின் ஒரு பிரிவைச் சாதாரண மில்லிரேடியன் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 5 சதவீதம் பிசகும். 100 மீட்டரில் பொருட்டில்லை. புது மில் ஸ்கோப் ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது "டிரம் (குறியை நகர்த்தத் திருப்பும் உருளை) தப்பு" என்று தோன்றவைப்பது இதுதான்.

#4 கோணமானி

கிளாம்ப் தப்பா, டிரம் உள்ளே தப்பா என்று சுடாமலே கண்டுபிடிக்க முடியுமா?

#5 ராஜாளி

முடியும். அறை காலி என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, துப்பாக்கியை வைஸில், தோல் அல்லது மரத் தாடை போட்டு, அசையாமல் பிடிக்கவும். தூரத்தில் கூர்மையான ஒரு புள்ளி வேண்டும்: ஆன்டெனா நுனி, கோபுரக் கலசம், மின்கம்பத்து இன்சுலேட்டர், எதுவானாலும் சரி. ரெட்டிக்கிளில் (ஸ்கோப்புக்குள் தெரியும் குறிக்கோடுகள்) மேலே உள்ள பெரிய கூர்முனையை அதில் நிறுத்தவும்.

முதல் சோதனை: டிரம்மைத் தொடாமல் ஸ்கோப்பை ஐந்து தடவை கழற்றி மாட்டவும். ஒவ்வொரு தடவையும் புள்ளி எங்கே நிற்கிறது என்பதை ரெட்டிக்கிளின் கிடைக்கோட்டுப் பிரிவுகளை வைத்தே அளந்துவிடலாம். ஒரு பிரிவு ஒரு ரஷ்ய மில். அரைப் பிரிவுக்கு மேல் அலைந்தால் கிளாம்ப். ஒரே பக்கமாக நகர்ந்துகொண்டே போனால் முட்டும் இடத்தில் பிசிறு. இங்கும் அங்குமாகச் சிதறினால் இறுக்கம் போதவில்லை.

இரண்டாவது சோதனை: ஸ்கோப்பைத் தொடாமல் பக்கவாட்டு டிரம்மை வலப்பக்கம் 5 போய்த் திரும்பவும். இடப்பக்கமும் அதேபோல். புள்ளி பழைய இடத்துக்கு வரவேண்டும். வரவில்லை, அல்லது முதல் இரண்டு க்ளிக்குக்கு ஒன்றும் அசையாமல் மூன்றாவதில் குதிக்கிறது என்றால் உள்ளே கிரீஸ் கட்டிப்போயிருக்கிறது, இல்லை ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அது பட்டறை வேலை. வீட்டு மேஜையில் பிரித்தால் உள்ளே அடைத்திருக்கும் நைட்ரஜன் போய்விடும், அடுத்த மழையில் லென்ஸுக்குள் பனி படியும்.

#6 பீரங்கிப்பட்டறை

ஸீரோ முறை. துப்பாக்கியோடு வரும் கையேட்டின் முறை இது, கூட்டிக் குறைக்காமல்:

மேல் டிரம் 3 (அதாவது 300 மீட்டர்), பக்க டிரம் 0. இலக்கு 100 மீட்டர். நான்கு குண்டு, நிதானமாக. நான்கும் 8 செ.மீ. விட்டமுள்ள வட்டத்துக்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் ஸீரோ பார்க்காதீர்கள். தளர்வு எங்கே என்று தேடுங்கள். சராசரிப் புள்ளி, குறிபார்த்த இடத்துக்கு மேலே 16 செ.மீ.-இல் இருக்க வேண்டும், எப்பக்கமும் 3 செ.மீ. வரை மன்னிப்பு.

திருத்த: டிரம்மின் பூட்டுத் திருகுகளை ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை தளர்த்தி, நட்டைத் திருப்பவும். ஒரு சிறு பிரிவு அரை மில், 100 மீட்டரில் 5 செ.மீ.

#7 ராஜாளி

ஒரு திருத்தம். 16 செ.மீ. என்பது இரும்புக் குறி, அதாவது திறந்த சைட்டுக்கு. ஸ்கோப்புக்கு 14 செ.மீ. ஸ்கோப் பேரலுக்கு மேலே அதிக உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் 100 மீட்டரில் குண்டு அந்தளவு குறைவாகத் தெரியும். இரண்டையும் ஒன்றாக வைத்துக் குழப்பினால் எல்லா தூரத்திலும் 2 செ.மீ.-க்குச் சமமான கோணம் கூடவே வரும்.

#8 பீரங்கிப்பட்டறை

ஆமாம், 14தான். இரும்புக் குறியின் வரியைப் பார்த்து எழுதிவிட்டேன். நன்றி சார்.

உதாரணத்தையும் அதற்கேற்ப போடுகிறேன். சராசரிப் புள்ளி 20 செ.மீ. மேலே, 7 செ.மீ. இடது என்று வைத்துக்கொள்வோம். மேலே 6 அதிகம்: ஒரு பிரிவு இறக்கினால் 1 செ.மீ. மிச்சம். இடது 7: ஒரு பிரிவு வலது, 2 செ.மீ. மிச்சம். இரண்டும் 3-க்குள் அடங்கிவிட்டன, நிறுத்திவிடலாம். இதற்கு மேல் துரத்தினால் டிரம்மின் அரை மில் படிக்கட்டோடு மல்லுக்கட்டுவதுதான் மிச்சம்.

#9 நீலகிரித்தென்றல்

அண்ணே, குறுக்கே புகுவதற்கு மன்னிக்கணும். இதெல்லாம் சரி, ஆனா 4 மடங்கு, 24 மி.மீ. கண்ணாடியை இன்னும் எத்தனை வருஷம் கட்டி அழறது? 3-9 இல்ல 5-25 போட்டா 800 மீட்டர்ல இலக்கே தெளிவாத் தெரியுமே. கிளாம்ப் பாக்கறதை விட இது நேர்வழி இல்லையா?

#10 வெண்கலத்திருகு

தம்பி, கண்ணாடியில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. மவுண்டில் இல்லை.

இணைப்புகளை எண்ணிப் பாருங்கள். பிஎஸ்ஓ-வில் குழாயும் கிளாம்பும் ஒரே பொருள், வளையம் கிடையாது. கழன்று மாட்டும் இணைப்பு ஒன்றே ஒன்று. பிகாட்டினி அடாப்டர் போட்டால் ரெயிலுக்கும் அடாப்டருக்கும் ஒன்று, அடாப்டருக்கும் வளையத்துக்கும் ஒன்று, வளையத்துக்கும் குழாய்க்கும் ஒன்று. முதல் இணைப்பு அதே பழைய பக்க ரெயில்தான். அங்கே இருந்த கோளாறு அங்கேயே இருக்கும், மேலே இரண்டு புதிதாகச் சேரும். ஸ்கோப்பும் அடாப்டரும் பிஎஸ்ஓ-வை விட கனமாக, உயரமாக நிற்பதால் அதே கிளாம்புக்கு இழுவையும் கூடும்.

அடுத்தது கண். பிஎஸ்ஓ-வுக்குக் கண் தூரம் 68 மி.மீ., ரப்பர் குழல் புருவத்தில் ஒட்டும்படி அமைத்தது. மேற்கத்திய ஸ்கோப்புகளுக்குப் பொதுவாக 80-லிருந்து 100 மி.மீ. வரை. அதனால் முன்னால் தள்ள வேண்டும். அடாப்டர் அதற்கு நீளமாக முன்னே நீட்ட வேண்டும். உயரம் கூடியதும் அசல் கன்னத்தாங்கி எட்டாது, கன்னத்துக்குப் பதிலாக முகவாயை வைத்துக்கொண்டு குறிபார்க்கிற நிலை. கன்னம் ஒரே இடத்தில் படியாவிட்டால் பாரலாக்ஸ் (கண் நகர்ந்தால் குறியும் நகர்வதுபோலத் தோன்றுவது) வந்து சேரும். பிறகு "புது ஸ்கோப்பும் சரியில்லை".

மூடி மேலே ரெயில் ஒட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: பழைய எஸ்விடி மூடி மெல்லிய தகடு, ஒவ்வொரு சுத்தத்துக்கும் கழன்று வருவது. அதன்மேல் ஸ்கோப் வைப்பது பாத்திர மூடிமேல் வைப்பது மாதிரி. தயாரித்தவர்களே மேலே ரெயில் வேண்டும் என்று முடிவெடுத்தபோது மூடியையும் அது பூட்டும் முறையையும் மாற்றி எஸ்விடிஎம் என்று தனி மாடலாகவே கொண்டுவந்தார்கள். பழையதில் ஒட்டுப்போடவில்லை.

#11 நீலகிரித்தென்றல்

இந்திய ராணுவம் எஸ்விடியை விட்டு நகர்ந்ததுக்கு இந்த மவுண்ட்தானே காரணம்?

#12 ராஜாளி

அதைவிடப் பெரிய காரணம் தோட்டா. 7.62×54ஆர்-க்கு எட்டாத தூரத்துக்கு வேறு காலிபர்தான் வேண்டும். 2019-இல் வடக்குக் கட்டளைப் பகுதிக்கு .338 லாபுவா மேக்னமில் பெரெட்டாவின் ஸ்கார்பியோ டிஜிடி-யும், .50-இல் பாரெட் எம்95-உம் வந்தன. அதற்குப் பிறகு சாக்கோ டிஆர்ஜி-42. எல்லாம் போல்ட் ஆக்‌ஷன், மேலே ரெயில். எஸ்விடி பிளாட்டூனோடு ஓடும் அரைத் தானியங்கி. அது வேறு ஜாதி. ஒன்றை வைத்து மற்றதை எடைபோடக்கூடாது.

#13 தோல்உறை

நாலாவது கேள்விக்கு யாரும் வரவில்லையே. மோசினிலிருந்து வருகிறேன்.

1942-இலிருந்து மோசின் 91/30-இல் ஏறிய பியு ஸ்கோப் 3.5 மடங்கு. மவுண்ட் கோச்செட்டோவ் வடிவம். ரிசீவரின் இடப்பக்கம் ஒரு அடித்தகடு, இரண்டு பெரிய திருகு. முன்பக்கம் உருண்டைக் குமிழ். அதில் ஸ்கோப் தாங்கி வந்து உட்காரும். பின்பக்கம் தாங்கியின் நாக்கை மேலிருந்தும் கீழிருந்தும் இரண்டு திருகுகள் நெரிக்கும். மேலே ஒன்றைத் தளர்த்தி, கீழே ஒன்றை இறுக்கினால் மொத்த ஸ்கோப்பும் ஏறும் இறங்கும்.

ஏன் இத்தனை ஏற்பாடு? பியு-வில் டிரம்மைத் திருப்பினால் ரெட்டிக்கிளே கண்ணுக்கு முன்னால் நகர்ந்து ஓரத்துக்குப் போகும். இன்றைய ஸ்கோப் மாதிரி எப்போதும் நடுவில் நிற்காது. அதனால் பெரிய திருத்தத்தை மவுண்டிலேயே முடித்துவிட்டு, டிரம்மைக் கடைசி நூலிழைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். முறை இது: போல்ட்டைக் கழற்றி, பேரலுக்குள் பின்னாலிருந்து பார்த்து ஒரு புள்ளியைத் துளையின் நடுவில் நிறுத்து. டிரம்கள் இரண்டும் பயண நடுவில். இப்போது ஸ்கோப் வழியே பார்த்து, நெரிக்கும் திருகுகளால் உயரத்தைச் சரிசெய். இடவலம் பிசகினால் தாங்கியின் தொடும் முகத்தை எண்ணெய்க் கல்லில் தேய்க்கவேண்டும், இல்லை மெல்லிய பித்தளைத் தகடு செருகவேண்டும். தேய்த்தது திரும்ப வராது. ஆகவே முதலில் தகடு வைத்துப் பார்த்து எந்தப் பக்கம், எவ்வளவு என்று உறுதி செய்த பிறகே கல்.

எஸ்விடியில் பின்னாலிருந்து பேரலுக்குள் பார்க்க முடியாது, ரிசீவரின் பின்சுவர் மறைக்கும். அங்கே இரும்புக் குறியை 3-இல் வைத்து தூரப் புள்ளியில் நிறுத்தி, ஸ்கோப்பும் அங்கேயே நிற்கிறதா என்று ஒப்பிடுவதுதான் எளிது. ஸ்கோப்புக்குக் கீழே இரும்புக் குறி மறையாமல் தெரிவது பக்க ரெயிலின் லாபம்.

மோசினில் இன்னொரு பொறி: போருக்குப் பிறகு ஏராளமான ஸ்நைப்பர் மோசின்களில் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளை அடைத்துப் பற்றவைத்துச் சாதாரண ரைஃபிளாக மாற்றினார்கள். இடப்பக்கத்தில் அடைத்த துளைத் தடம் தெரியும். அதில் நகல் அடித்தகடு பொருத்தும்போது துளை நேராக வராது; பற்றவைத்த இடம் கெட்டிப்பட்டிருப்பதால் டிரில் வழுக்கிப் பக்கம் ஓடும். அரை மி.மீ. ஓடினாலும் மேலே சொன்ன நெரிக்கும் திருகுகளின் பயணம் தீர்ந்துபோகும்.

#14 பீரங்கிப்பட்டறை

லீ-என்ஃபீல்டைச் சுருக்கமாக: நம்பர் 4 மார்க் 1(டி), நம்பர் 32 ஸ்கோப், 3 மடங்கு. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக யோசித்த ஸ்கோப் அது, அதனால்தான் அந்தக் கனம். மாற்றும் வேலையின் பெரும்பகுதி ஹாலண்ட் & ஹாலண்டில் நடந்தது. ரிசீவரின் இடப்பக்கம் முன்னும் பின்னும் இரண்டு பேட் (பிராக்கெட் உட்காரும் திண்டு). வார்ப்பு பிராக்கெட் அவற்றின்மேல் இரண்டு பெரிய கைத்திருகால் பூட்டும். இங்கே கழன்று மாட்டும் முகங்கள் இரண்டு, அவற்றுக்கிடையே நல்ல தூரம். அந்தத் தூரம்தான் கோணப் பிசகைக் குறைக்கிறது; வெண்கலத்திருகு போட்ட கணக்கில் 100-ஐக் கூட்டிப் பாருங்கள்.

நோய் எங்கே? பேட்டைப் பிடிக்கும் சிறு திருகுகளில், முக்கியமாக முன் பேட். அவை தளர்ந்தால் கைத்திருகை எவ்வளவு முறுக்கினாலும் குண்டுகள் விழும் குழு விரியும், காரணம் புரியாது. பிராக்கெட்டைக் கழற்றி, பேட்டை விரல் நகத்தால் உந்திப் பார்த்தால் எண்ணெய் பிதுங்கும், அதுதான் அடையாளம்.

வாங்குபவருக்கு: ஸ்கோப்பின் எண் கட்டையின் கழுத்தில் பொறித்திருக்கும், ரைஃபிளின் எண் பிராக்கெட்டில் இருக்கும். மூன்றும் பொருந்தினால் ஒரு தொகுப்பு. பொருந்தாதது சுடாது என்றில்லை, ஆனால் அந்த பிராக்கெட் வேறொரு ரைஃபிளின் பேட்டுக்குப் பொருத்திச் செய்தது என்பதை மறக்கக்கூடாது.

நம்பர் 32 ஸ்கோப்பின் மார்க் 1-இல் பக்கவாட்டு க்ளிக் 2 கோண நிமிடம், மார்க் 3-இல் 1. 1970-இல் வந்த எல்42ஏ1 ரைஃபிள் இதே அமைப்பை 7.62 நேட்டோவுக்கு நீட்டித்தது. மார்க் 3 ஸ்கோப்பையே மாற்றியமைத்து எல்1ஏ1 என்று பெயரிட்டார்கள், டிரம் மீட்டரில்.

#15 கோணமானி

பயனுள்ள விவரங்கள். பிஎஸ்ஓ-வின் விளக்கு, பேட்டரி?

#16 ராஜாளி

அசல் பேட்டரி 2.5 வோல்ட் பாதரச செல், இப்போது வராது. இரண்டு 1.5 வோல்ட் பட்டன் செல்லை அடாப்டரில் வைத்தால் 3 வோல்ட். விளக்கு எரியும், வெளிச்சம் கூடும், ஆயுள் குறையும். எல்இடி-க்கு மாற்றினால் துருவம் பார்த்துப் போடவும்; பழைய குமிழுக்கு அது தேவையில்லை. பாதரச செல் குளிரில் செத்துவிடும் என்பதால் செல்லை மட்டும் சட்டைப்பைக்குள் வைத்து வயர் இழுக்கும் குளிர்கால இணைப்பு ஒன்றும் தொகுப்பில் உண்டு. பலர் அதை என்னவென்று தெரியாமல் தொலைத்துவிடுகிறார்கள்.

பழைய பிஎஸ்ஓ-1-இல் அகச்சிவப்பைக் கண்டறியும் ஒளிரும் திரை ஒன்று உண்டு, லீவரால் உள்ளே வரும். அது உள்ளே நிற்கும்போது படம் மங்கும். "லென்ஸ் போச்சு" என்று விற்கப்படுகிறவற்றில் முதலில் அந்த லீவரைப் பார்க்கவும். பிஎஸ்ஓ-1எம்2-வில் திரையே இல்லை.

ருமேனிய பிஎஸ்எல் ரைஃபிள் வேறு கதை. பார்க்க எஸ்விடி மாதிரி இருக்கும், உள்ளே பெரிதாக்கிய ஆர்பிகே இயந்திரத் துப்பாக்கி. தகடு ரிசீவர், ரிவெட் அடித்த ரெயில். அங்கே கிளாம்புக்கு முன்னால் ரிவெட்டைச் சோதிக்க வேண்டும். அதன் எல்பிஎஸ் ஸ்கோப்பின் பழைய வகையில் ரெட்டிக்கிள் ஒளி ட்ரிஷியம். அரை ஆயுள் 12.3 ஆண்டு, எழுபதுகளின் சரக்கில் இப்போது இருட்டில் ஒன்றும் தெரியாது. பழுதில்லை, வயது.

#17 தோல்உறை

சேமிப்பு பற்றி இரண்டு வரி. கடலோர ஊர்களில் லென்ஸுக்குப் பூஞ்சைதான் எமன். தோல் உறைக்குள் வைக்காதீர்கள் (என் பெயரைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்), தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். நம்பர் 32-க்குத் தகரப் பெட்டி கொடுத்ததில் அர்த்தம் இருக்கிறது. சிலிகா ஜெல் நிறம் மாறியதும் மாற்றவும். பூஞ்சை வெளி லென்ஸில் இருந்தால் துடைக்கலாம். உள்ளே வலை மாதிரி தெரிந்தால் அது பூச்சையே அரித்திருக்கும்.

#18 கோணமானி

கடைசியாக ஒன்று: ஸீரோ செய்து முடித்து, பூட்டுத் திருகுகளை இறுக்கியதும் மறுபடி அரைப் பிரிவு நகர்ந்து நிற்கிறதே?

#19 ராஜாளி

திருகை இறுக்கும் முறுக்கு டிரம்மையும் கூடவே இழுக்கிறது. ஒரு கையால் டிரம்மைப் பிடித்துக்கொண்டு, ஒரு திருகை லேசாகத் தொடும் வரை, அடுத்ததை அதே அளவு, பிறகு முதலாவதைக் கால் சுற்று, இரண்டாவதைக் கால் சுற்று, இப்படி மாற்றி மாற்றி. திருகுமுனை வெட்டுக்குச் சரியான அகலம் இருக்கவேண்டும். சிறியது வைத்தால் திருகுத் தலை சிதையும், அடுத்த தடவை கழற்ற வராது. இறுக்கியதும் டிரம் 3-இலும் 0-விலும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, வைஸ் சோதனையை ஒரு தடவை திரும்பச் செய்யுங்கள். அதற்கப்புறம் நான்கு குண்டு.

#20 கோணமானி

செய்து பார்க்கச் சொல்லிவிடுகிறேன். நட்டை ஒரு பல் மட்டும்.